புல்லட்டில் ஒத்தை ஸ்பிரிங் சீட்டும் குட்டை மட்காடும்: சேஸிலா, ஸ்விங் ஆர்மிலா?

ஒத்தைசீட்டு | 2023 மார்ச் 12, இரவு 9.10

வண்டி 2013 புல்லட் ஸ்டாண்டர்டு 350, யூ.சி.இ. இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள). பின்னால 19 அங்குல ரிம்மை எடுத்துட்டு 18 கோத்தாச்சு, டயர் 110/90-18. நீளச் சீட்டைக் கழற்றிட்டு ஒத்தை ஸ்பிரிங் சீட்டும் குட்டை மட்காடும் போடணும். சீட் வாங்கியாச்சு, ரெண்டு ஸ்பிரிங், 3 அங்குல உயரம். மட்காடுக்கு 16 கேஜ் தகடுல அரைவட்டம் கையில இருக்கு.

டிங்கர் சொல்றார்: சேஸ் லூப்புல (சீட்டுக்கு அடியில பின்னால போற சேஸ் குழாய்) நேரா வெல்டு அடிச்சிடலாம், அசையவே அசையாது. வெல்டர் சொல்றார்: ஸ்விங் ஆர்ம்ல (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடற கை) பிடிச்சாத்தான் டயரை ஒட்டி நிக்கும். ரெண்டு பேரும் ஒரே பட்டறை, அதனால முடிவே வரமாட்டேங்குது. எதுல பிடிக்கிறது? டயருக்கும் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி?

எட்டுக்குப்பத்து | மார்ச் 12, இரவு 10.35

ரெண்டும் ஓடும். ரெண்டுக்கும் வேற வேற விலை.

சேஸில் பிடிச்சா சக்கரம் மேலும் கீழும் ஆடும், மட்காடு ஆடாது. யூ.சி.இ. பின் ஷாக்கோட ஓட்டம் 80 மி.மீ. அது முழுசா அமுங்கின நிலையிலும் டயர் தகட்டைத் தொடக்கூடாது, மேல இன்னொரு 20 வேணும். ஆக வண்டி சும்மா நிக்கும்போது டயருக்கு மேல 100 மி.மீ. காலி. பாக்க டயருக்குக் குடை பிடிச்ச மாதிரி இருக்கும். ஆனா தகடு நிம்மதியா இருக்கும், ஏன்னா ரோட்டு அடியை ஷாக் வாங்கிக்கும்.

ஸ்விங் ஆர்மில் பிடிச்சா டயரும் மட்காடும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும். இடைவெளி 20 போதும், பக்கத்துக்கு 12 முதல் 15. பாபர் (ஒத்தை சீட்டும் குட்டை மட்காடுமா குறைச்ச வண்டி) தோற்றம் அங்கதான் வருது. ஆனா ரோட்டுக்கும் மட்காடுக்கும் நடுவுல டயர்ல இருக்கிற காத்தைத் தவிர வேற ஸ்பிரிங்கே கிடையாது. ஒவ்வொரு குழியும் நேரா தகட்டுக்குப் போகும். கீறல் விடுறது எப்பவும் போல்ட் துளையைச் சுத்தி, இல்லன்னா வெல்டு முடியற இடத்துல.

எதுல பிடிச்சாலும் மட்காடை சேஸோட வெல்டு பண்ணாதீங்க. சேஸுக்குக் காது (போல்ட் விட துளை போட்ட தகட்டுத் துண்டு), காதுக்கு எம்8 போல்ட். கழற்ற முடியாத மட்காடு நாளைக்கு டயர் கழற்றும்போது, பெயின்ட் அடிக்கும்போது, ஒயர் மாத்தும்போது ஒவ்வொரு தடவையும் உங்களைத் திட்ட வைக்கும்.

லூப்போட பின்பகுதி நீட்டிக்கிட்டு இருந்தா ஷாக் மேல்காதுக்குப் பின்னால 40 மி.மீ. விட்டு வெட்டிடலாம், அழகா இருக்கும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 12, இரவு 11.20

80 என்பது ஷாக்கின் ஓட்டம், சக்கரத்தின் ஓட்டம் அல்ல. ஷாக் சாய்ந்து நிற்பதால் அச்சு அதைவிடக் கொஞ்சம் அதிகமாக எழும். எத்தனை என்று இங்கே யாரும் சொல்ல வேண்டாம், வண்டியிலேயே அளக்கலாம்.

25×5 ஃபிளாட் பட்டையில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் இரண்டு துளை போடுங்கள். துளைகளின் நடு-நடு தூரம்: ஷாக்கின் இயல்பு நீளத்திலிருந்து வெளியே தெரியும் ராடின் நீளத்தைக் கழித்து, அதோடு தடுப்பு ரப்பரின் பாதி உயரத்தைக் கூட்டினால் வருவது. ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ஸ்கேலை விட்டு ராடை அளந்துவிடலாம். ஸ்பிரிங்கைக் கழற்றத் தேவையில்லை, அமுக்கும் கருவி இல்லாமல் கழற்றவும் கூடாது. ஷாக் இருந்த இடத்தில் இந்த இரண்டு பட்டையையும் மாட்டுங்கள். இப்போது உங்கள் வண்டி உச்சகட்டக் குழியில் விழுந்த நிலையில் அசையாமல் நிற்கிறது. மட்காடு, சீட், விளக்கு, ஒயர் எல்லாவற்றின் இடைவெளியையும் இந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் அளந்து வெல்டு வைப்பது வீண்.

மழைக்கோட்டு | மார்ச் 13, காலை 7.05

முதுகைப் பத்தி யாரும் கேக்கலையா? குட்டை மட்காடுன்னா எவ்வளவு குட்டை?

டயர் பின்பக்கம் மேல்நோக்கிச் சுத்துது. அச்சு மட்டத்துல பின்னால இருந்து கிளம்பற சேறு நேரா மேல போகும். அதுக்கு மேல எத்தனை டிகிரியில கிளம்புதோ, அத்தனை டிகிரி முன்னால சாயும். மட்காடு அச்சு மட்டத்துக்கு 30 டிகிரி மேல முடிஞ்சா, ஹெல்மெட்டோட பின்பக்கம் கோலம். 60 டிகிரியில முடிஞ்சா இடுப்புல இருந்து கழுத்துவரைக்கும். படத்துல அழகா இருக்கிற பாபர் எல்லாம் ஐப்பசியில எடுத்த படம் இல்லை.

எட்டுக்குப்பத்து | மார்ச் 13, மதியம் 1.40

அதுல முன்பக்கமும் சேர்த்துக்கோங்க. கம்பெனி மட்காடோட முன்பாதி சீட்டுக்கு அடியில இறங்கி ஏர் ஃபில்டர், பேட்டரி பக்கம் சேறு அடிக்காம காக்குது. அரைவட்டத்தைப் பின்னால தள்ளி வைச்சா அந்த இடம் திறந்துடும். ஸ்விங் ஆர்ம் குறுக்குக் குழாய் வரைக்கும் தகடு இறங்கணும், இல்லன்னா தனியா ஒரு ரப்பர் தட்டி.

இப்ப அரைவட்டம். 110/90-18 டயரோட வெளி விட்டம் சுமார் 655 மி.மீ., ஆரம் 328. இடைவெளி 20 வைச்சா மட்காடோட உள் ஆரம் 348 இருக்கணும். கடையில ரெடிமேடா வர்ற அரைவட்டம் பல நேரம் 16 அங்குலச் சக்கரத்துக்கு வளைச்சது. அதை 18-ல் வைச்சா ரெண்டு நுனியும் டயரை உரசும், நடுவுல வயிறு தூக்கி நிக்கும். அட்டையில 348 ஆரத்துக்கு ஒரு வில் வெட்டி உள்ளே வைச்சுப் பாருங்க. 150 டிகிரி மூடணும்னா உள்பக்க நீளம் 911 மி.மீ. வரும், அதுக்குக் குறைவா இருந்தா துண்டு ஒட்ட வேண்டியதுதான்.

உட்கார வைக்கிறதுக்கு: தோட்டத்துக்குத் தண்ணி விடற ஹோஸ், வெளி விட்டம் 20 வர்றது, மூணு துண்டு. டயர் மேல குறுக்கே வைச்சு டேப் ஒட்டுங்க: ஒண்ணு உச்சியில, ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. மட்காடை அதுமேல கவுத்து, ட்யூபை வெட்டின பட்டையால ரிம்மோட இழுத்துக் கட்டுங்க. இடைவெளி தானா சரியா நிக்கும், ரெண்டு கையும் காலி. ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர், தகட்டைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர், "கொஞ்சம் இடது"ன்னு கத்த ஒருத்தர் வேண்டாம்.

காத்து நிரப்பின டயர்ல செய்யணும். ரிம்மை மாத்திக் கோத்திருக்கீங்க, முதல்ல டயர் சேஸுக்கு நடுவுல ஓடுதான்னு நூல் பிடிச்சுப் பாருங்க. 3, 4 மி.மீ. தள்ளி இருக்கறது சகஜம். மட்காடு டயருக்கு நடு, சீட் சேஸுக்கு நடு. ரெண்டும் ஒரே கோட்டுல இல்லன்னா பின்னால இருந்து பாக்கறவன் கண்ணுல முதல்ல படறது அதுதான், அப்ப திருத்த வேண்டியது ஸ்போக்கை, மட்காடை இல்லை.

ஒத்தைசீட்டு | மார்ச் 13, இரவு 8.50

நூல் பிடிச்சேன். டயர் 5 மி.மீ. செயின் பக்கம். ரிம் திரும்ப ஸ்போக் கடைக்குப் போகுது. அரைவட்டம் 348-க்குப் பக்கத்துலதான், பின்நுனி மட்டும் கொஞ்சம் உள்ள வளைஞ்சிருக்கு. உள் அகலம் 140. ஸ்விங் ஆர்ம்னு முடிவு பண்ணிட்டேன். ஸ்டே (மட்காடைத் தாங்கற கம்பி) எங்க பிடிக்கணும்? அச்சு நட்டுலயே பிடிச்சா வேலை சுலபம்னு வெல்டர் சொல்றார்.

எட்டுக்குப்பத்து | மார்ச் 13, இரவு 9.30

அச்சு நட்டுல வேண்டாம். செயின் இழுக்கும்போது ஸ்நெயில் கேமை (அச்சைத் தள்ளற நத்தை வடிவ வட்டு) திருப்பினா அச்சு பின்னால நகரும். ஸ்டே அதோட போகும், முன்காது ஸ்விங் ஆர்மிலேயே நிக்கும். நடுவுல இருக்கற தகடுதான் இழுபடும். ரெண்டு மூணு தடவை செயின் இழுத்த பிறகு முன்காது வெல்டு ஓரத்துல மயிரிழை மாதிரி கீறல் தெரியும். ஸ்டேயை ஸ்விங் ஆர்ம் உடம்புலயே, அச்சு ஓட்டைக்கு முன்னால காது வைச்சுப் பிடிங்க. அப்புறம் இடைவெளி பாக்கும்போது அச்சை முன்கோடிக்குத் தள்ளி ஒரு தடவை, பின்கோடிக்கு இழுத்து ஒரு தடவை. முன்கோடியில டயர் குறுக்குக் குழாய் பக்கம் நெருங்கும். அங்கதான் முதல்ல உரசும்.

ஸ்டேக்கு 12 மி.மீ. ரவுண்டு ராடு, இல்லன்னா 2 மி.மீ. சுவர் உள்ள 16 மி.மீ. பைப் எடுங்க. பைப் நுனியை அடிச்சுத் தட்டையாக்கி துளை போடற வழக்கம் பட்டறையில உண்டு. அந்த மடிப்புல கண்டிப்பா விடும். நுனியில ஒரு புஷ் வெல்டு வைச்சு அதுல போல்ட் விடுங்க. ஜி.ஐ. பைப் எடுத்தா துத்தநாகத்தை ரெண்டு அங்குலத்துக்குத் தேய்ச்சுட்டு வெல்டு பண்ணச் சொல்லுங்க, இல்லன்னா அந்தப் புகையில வெல்டருக்கு ராத்திரி காய்ச்சல்.

தகட்டுல போல்ட் விழற ஒவ்வொரு இடத்திலயும் உள்பக்கம் 2 மி.மீ. தகடு ஒட்டுப்பட்டை, 60×40, நாலு மூலையும் உருட்டினது. கூர்மூலை வைச்சா கீறலை நீங்களே வரவேற்கறீங்க. சி.ஓ.டூ. வெல்டிங், 0.8 கம்பி, ஒரு தடவைக்கு 15 மி.மீ. தையல், அப்புறம் எதிர்ப்பக்கம். ஒரே இழுப்புல ஓட்டினா தகடு உருளைக்கிழங்கு சிப்ஸ் மாதிரி முறுக்கிக்கும்.

வெல்டுக்கு முன்னால: டேங்க் வண்டியில இருக்கக்கூடாது. பேட்டரி நெகட்டிவ் கழற்றணும். டி.சி.ஐ. (இக்னிஷன்) யூனிட் கப்ளரைப் பிரிக்கணும். எர்த் கிளாம்பை வெல்டு அடிக்கிற பாகத்திலயே, பக்கத்திலயே மாட்டணும். எங்கயோ இன்ஜின்ல மாட்டினா கரன்ட் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷு, பேரிங் வழியா பாய்ஞ்சு குழி விழ வைக்கும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, காலை 6.15

ஸ்விங் ஆர்ம் மட்காடு என்றால் அடுத்த கேள்வி சீட். மட்காடு மேலே எழும், சீட் கீழே அமுங்கும்.

ஸ்விங் ஆர்ம் ஆணியிலிருந்து அச்சு 500 மி.மீ. தூரம், சீட்டின் பின்விளிம்பு அதே ஆணியிலிருந்து 300 பின்னால் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் அளவைப் போட்டுக்கொள்ளுங்கள்). அச்சு 80 எழுந்தால் அந்த இடத்தில் மட்காடு 80×300÷500 = 48 மி.மீ. எழும்.

சீட் ஸ்பிரிங்: கம்பி 6 மி.மீ., சுற்றின் சராசரி விட்டம் 45, மொத்தம் 7 சுற்று என்றால் ஒரு ஸ்பிரிங் 20 நியூட்டன்/மி.மீ. இரண்டும் சேர்ந்து 40. ஓட்டுபவர் 80 கிலோ, அதில் 50 கிலோ ஸ்பிரிங்கில் விழுகிறது என்றால் உட்கார்ந்ததும் 12 மி.மீ. அமுங்கும். முழுதாக அமுங்கினால் 76-லிருந்து 42 ஆகும், அதாவது 34 மி.மீ. ஓட்டம்.

48 + 34 + பாதுகாப்புக்கு 10 = 92. மட்காடு உச்சிக்கும் சீட் அடித்தகட்டுக்கும் இடையே 92 மி.மீ. வேண்டும்.

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, காலை 6.40

திருத்தம். 7 சுற்று போட்டது தப்பு. இரண்டு நுனிச் சுற்றும் மூடியவை, வேலை செய்யாது. செயல்படுவது 5 சுற்றுதான். ஒரு ஸ்பிரிங் 28, இரண்டும் 56 நியூட்டன்/மி.மீ. உட்கார்ந்தால் 9 மி.மீ. அமுங்கும். முழுநீள ஓட்டத்தில் மாற்றமில்லை, அதற்கு 7 சுற்றும் கணக்கு.

5 மி.மீ. கம்பி என்றால் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும், கம்பித் தடிமன் நாலாம் படியில் வேலை செய்கிறது. உட்கார்ந்ததுமே 18 மி.மீ. அமுங்கும், மிச்சம் 23 மட்டும். உட்கார்ந்த எடையைப்போல இரண்டே கால் மடங்கு இடி வந்தால் சுற்றோடு சுற்று மோதும். கடையில் அமுக்கிப் பார்த்து "மெத்துமெத்தென்று இருக்கிறது" என்று வாங்குவது பெரும்பாலும் இதுதான். வெர்னியரால் கம்பியை அளந்துவிட்டு வாங்குங்கள்.

மழைக்கோட்டு | மார்ச் 14, காலை 9.00

அண்ணே, சீட்டும் மட்காடும் ஒரே நேரத்துலயா முழுசா அமுங்கும்? சக்கரம் ஏறும்போது ஆள் மேல தூக்கி எறியப்படுவான்ல?

எட்டுக்குப்பத்து | மார்ச் 14, காலை 11.25

சின்ன மேட்டுல சரி. வேகத்தடையில முன்சக்கரம் தூக்கி ஆளை ஏத்தி, அவர் கீழ வர்ற நேரத்துல பின்சக்கரம் தடைமேல ஏறும். அப்ப ரெண்டும் ஒண்ணா. நம்ம ஊர் வேகத்தடைக்குக் கணக்கு எல்லாத்தையும் கூட்டிதான் போடணும்.

ஆனா கணக்குப்பிள்ளை ஒண்ணை விட்டுட்டார். சீட்டைப் பாத்தார், சீட்டைத் தாங்கற குறுக்குப் பட்டையைப் பாக்கலை. லூப்போட ரெண்டு குழாய்க்கும் குறுக்கே பட்டை போட்டு அதுமேல ஸ்பிரிங் வைச்சா, மட்காடு முதல்ல இடிக்கப்போறது சீட்டை இல்லை, அந்தப் பட்டையை. பட்டை அமுங்காது. அதுக்கும் கீழ ஸ்பிரிங் போல்ட்டோட வால் 15 மி.மீ. நீட்டிக்கிட்டு இருக்கும். எம்10 போல்ட் நுனி மட்காடு நடுவுல ரெண்டு ஓட்டை போட்டிருக்கிற வண்டி எத்தனை வேணும்?

கணக்குப்பிள்ளை | மார்ச் 14, மதியம் 12.10

ஆமாம், ஓட்டை என் கணக்கில்தான். குறுக்குப் பட்டை இருந்தால்: பட்டையின் அடியில் எது கீழே நீட்டுகிறதோ அதிலிருந்து 48 + 10 = 58. சீட் ஸ்பிரிங் கணக்கில் வராது, ஏனென்றால் பட்டைக்குக் கீழே சீட் வர முடியாது. லூப் குழாய்களின் மேலேயே தனித்தனிக் காது வைத்து, ஸ்பிரிங் இரண்டு ஓரத்தில், மட்காடு நடுவே புகுந்து ஏறும் அமைப்பு என்றால் மட்டும் முன்னே சொன்ன 92.

இரண்டாவது அமைப்பில் சீட்டைத் தாழ்வாக வைக்க முடியும். ஆனால் இரண்டு குழாய்களின் உள் இடைவெளி மட்காடின் வெளி அகலத்தைவிட 20 ஆவது கூட இருக்க வேண்டும். தகடு 140 உள்ளே என்றால் வெளியே 143. எனவே 163.

எந்த அமைப்பானாலும் ஸ்பிரிங் போல்ட்டைத் தலை கீழாகவும் நட்டு மேலாகவும் வையுங்கள். தலை 6, 7 மி.மீ.தான். வால் ஸ்பிரிங்கின் உள்ளே மறைந்துவிடும்.

ஒத்தைசீட்டு | மார்ச் 14, இரவு 10.00

ஸ்பிரிங் கம்பி 6.1. தப்பிச்சேன். சீட்டோட முன்கீல்ல வந்தது ஒரு 8 மி.மீ. போல்ட், தகட்டுல நேரா துளை. இது போதுமா?

எட்டுக்குப்பத்து | மார்ச் 14, இரவு 10.20

போதாது. பின்னால ரெண்டு ஸ்பிரிங்கும் பக்கவாட்டுல ஆடும், அதைத் தடுக்கறது முன்கீல் ஒண்ணுதான். தகட்டுத் துளை ஆறே மாசத்துல முட்டை வடிவமாயிடும், அப்புறம் வளைவுல சீட் தனியா ஒரு பக்கம் போகும், வண்டி தனியா ஒரு பக்கம் போகும். 40 மி.மீ. அகலத்துக்குக் குறையாத குழாய், அதுக்குள்ள கன்மெட்டல் புஷ், 10 மி.மீ. போல்ட், நைலாக் நட்டு. லேத்துல அரைமணி நேர வேலை. புஷ் குழாயைவிட அரை மி.மீ. நீளமா இருந்தா நட்டை முறுக்கி இறுக்கலாம், கீல் பிடிக்காது.

தையல்மிஷின் | மார்ச் 15, மாலை 5.30

சீட் அடித்தகடு பத்தி யாரும் எழுதலை.

2 மி.மீ. எம்.எஸ். தகடு போதும், ஓரம் முழுக்க 8 மி.மீ. கீழ்நோக்கி மடிச்சது. மடிப்பு இல்லாத தகடு ஓரம் ரெக்சினை உள்ளிருந்தே அறுக்கும். தண்ணி வடிய 6 மி.மீ. துளை நாலு போடுங்க. ஃபோமை ரெண்டடுக்கா வைங்க: அடியில ரீபாண்டட் 25 மி.மீ., மேல 40 டென்சிட்டி 15 முதல் 20. மெத்தைக்கடை சாதா ஃபோம் பத்து நிமிஷம் சுகமா இருக்கும், அரைமணியில தகடு தெரியும். ஒட்டறதுக்கு எஸ்.ஆர். 998 மாதிரி ரப்பர் கோந்து. ரெண்டு பக்கமும் தடவி, கை ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகுதான் சேர்க்கணும். ஈரத்துல சேர்த்தா வெயில்ல கொப்புளம்.

இரும்புத் தகட்டுல ஸ்டேப்பிள் ஏறாது. அலுமினியப் பட்டையை வளைச்சு, ரெக்சின் ஓரத்தை அதுக்கு அடியில மடிச்சு, 40 மி.மீ.க்கு ஒரு பாப் ரிவெட். ஸ்பிரிங் போல்ட் துளையை ரெக்சின் போடறதுக்கு முன்னாடியே போட்டு, நட்டை உள்பக்கம் வெல்டு வைச்சுடுங்க. மறந்தா தைச்சதைப் பிரிக்கணும்.

தோல் வேணும்னா ஆம்பூர், வாணியம்பாடியில கிடைக்கற ஷூ அப்பர் தோலை எடுக்காதீங்க. அது 1.2, 1.4 மி.மீ., குரோம் பதனிட்டது, மிருது, சீட்டுக்கு நீண்டு தொங்கிடும். மரப்பட்டையில பதனிட்டது, 2.5 முதல் 3 மி.மீ. கேளுங்க. அதை நனைச்சு அடித்தகட்டு மேலயே இழுத்துக் கட்டிக் காய வைச்சா அந்த வடிவத்துலயே நிக்கும். தையல் ஓட்டை வழியா தண்ணி கண்டிப்பா இறங்கும், அதனால ஃபோமுக்கும் தோலுக்கும் நடுவுல மெல்லிசா பிளாஸ்டிக் தாள். உட்கார்ற இடத்து நடுவுல தையல் கோடு வரவே கூடாது, எவ்வளவு அழகா இருந்தாலும்.

மழைக்கோட்டு | மார்ச் 15, மாலை 6.10

கிளம்பும்போது சீட்ல ஒரு பாலிதீன் கவர், அது பறக்காம இருக்க ஒரு ரப்பர் பேண்டு. 3 மி.மீ. தோல், மூணு மாச உழைப்பு, மேல ஜவுளிக்கடைப் பை.

கணக்குப்பிள்ளை | மார்ச் 16, காலை 6.30

மேலே "லூப்பை வெட்டிடலாம்" என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்துவிட்டது. அதை எதிர்க்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி பின்சீட்டு வசதி உள்ள வண்டிக்குக் கைப்பிடியும், கால்வைக்கும் இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பும் வேண்டும். ஆர்.சி.யில் இருக்கை 2 என்றுதான் இருக்கும்.

ஆகவே சேஸில் வெட்டும் வேண்டாம், வெல்டும் வேண்டாம். சீட் காதுகளைக் குழாயைக் கவ்வும் இரண்டு பாதி கிளாம்பாக லேத்தில் செய்யலாம். ஸ்விங் ஆர்மை ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டாவதாக வாங்கி அதில் வெல்டு வையுங்கள். கம்பெனி சீட், மட்காடு, சேலைக்காப்பு, ஸ்விங் ஆர்ம் நாலும் பரணில் இருக்கட்டும். எஃப்.சி.க்கு ஒரு சனிக்கிழமையில் பழையபடி ஆகிவிடும்.

எட்டுக்குப்பத்து | மார்ச் 16, காலை 8.00

ஒப்புக்கறேன். வெட்டற வரியை வாபஸ் வாங்கறேன். ரெண்டாவது ஸ்விங் ஆர்ம் யோசனை எனக்கு வரலை, நல்ல யோசனை. வாங்கும்போது தரையில படுக்க வைச்சு ரெண்டு கையும் ஒரே மட்டமா இருக்கான்னு பாருங்க. விழுந்த வண்டியோடது முறுக்கியிருக்கும்.

நம்பர் பிளேட்டும் யோசிங்க. உயர்பாதுகாப்புப் பிளேட்னா பின்னால 200×100, உடைச்சாத்தான் கழலற ஸ்னாப் லாக். குட்டை மட்காடோட வளைவுல அது ஒட்டாது, தட்டையா 2 மி.மீ. தகடுல தனி பிராக்கெட் வேணும்.

ஒயர்: டெயில் லேம்ப் ஒயரை மட்காடு உள்ளே டேப் போட்டு ஒட்டாதீங்க, டயர் எறியற கல்லு ஒரு மழைக்காலத்துல தின்னுடும். உள் ஓரத்துல 8 மி.மீ. செப்புக் குழாயோ மெல்லிசா எம்.எஸ். குழாயோ ஓட்டி அதுக்குள்ள விடுங்க, ரெண்டு வாயிலயும் ரப்பர் குரோமெட். எர்த்துக்குத் தனி ஒயர். பெயின்ட் அடிச்ச மட்காடு, ரப்பர் வாஷர்ல நிக்கிற மட்காடு, எர்த் தராது. பிரேக் அழுத்தினா பார்க்கிங் லைட் மங்குதுன்னா அதுதான் காரணம். ஸ்விங் ஆர்ம்ல இருந்து சேஸுக்குத் தாவற இடத்துல, ஆணிக்குப் பக்கத்துல, ஒரு சுருள் தளர்வு விடுங்க.

ஒத்தைசீட்டு | ஏப்ரல் 2, இரவு 9.45

ரெண்டாவது ஸ்விங் ஆர்ம் கிடைச்சது. மட்காடு நின்னாச்சு, கிளாம்ப் காது வைச்சாச்சு, குறுக்குப் பட்டை இல்லை. லூப் உள் இடைவெளி போதுமானது. டம்மி பட்டை போட்டு, ஸ்பிரிங்கையும் அமுக்கிக் கட்டிப் பாத்ததுல சீட் பின்விளிம்புக்கு அடியில 11 மி.மீ. மிச்சம். ஓடும்போதும் அதே அளவு நிக்குமான்னு எப்படிப் பாக்கறது?

எட்டுக்குப்பத்து | ஏப்ரல் 2, இரவு 10.15

சப்பாத்தி மாவு. கெட்டியா பிசைஞ்சு எலுமிச்சை அளவு உருண்டை, மட்காடு உச்சியில சீட் விளிம்புக்கு நேர் கீழ. ரெண்டு பக்கச் சுவர்லயும் உள்ளே சின்னதா ஒவ்வொண்ணு. மாவு ஒட்டாம இருக்க இடிக்கிற பக்கம் கொஞ்சம் எண்ணெய். ஷாக், டேங்க் எல்லாம் மாட்டிட்டு, தெரிஞ்ச வேகத்தடை நாலுல மெதுவா, அப்புறம் கொஞ்சம் வேகமா. கழற்றி அமுங்கின உருண்டையை வெர்னியர்ல அளங்க. மட்காடு நெளியறது, ரப்பர் அமுங்கறது எல்லாம் சேர்ந்த நிஜ அளவு அது.

ஒத்தைசீட்டு | ஏப்ரல் 3, இரவு 8.20

மேல் உருண்டை 6 மி.மீ., பக்கத்து உருண்டை வலது 13, இடது 8. இடது உருண்டையில டயர் மயிர் கோடு விழுந்திருக்கு.

மழைக்கோட்டு | ஏப்ரல் 3, இரவு 8.35

பின் ஷாக்கை அஞ்சாவது படிக்குத் திருப்பிடுங்க, மேல இடம் கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 3, இரவு 9.05

கிடைக்காது. படி மாற்றினால் ஸ்பிரிங்கின் முன்னழுத்தம்தான் கூடும், ஓட்டத்தின் முடிவு அதே இடம். முட்டும் தடவை குறையும், முட்டும் அளவு குறையாது. டம்மியில் 11, ஓட்டத்தில் 6 என்றால் மிச்ச 5 மட்காடும் காதும் நெளிந்தது. முன்காது ரப்பர் வாஷர் அதிக மென்மையா என்று பாருங்கள். உள்ளே இரும்பு ஸ்லீவ் இருக்கிறதா? ஸ்லீவ் ரப்பரைவிட 1 மி.மீ. குட்டையாக இருந்தால் போல்ட் ஸ்லீவை இறுக்கும், ரப்பர் அளவாகத்தான் அமுங்கும். ஸ்லீவ் இல்லாமல் வெறும் ரப்பரை எம்8 போல்ட்டால் நசுக்கினால் அது இறுக்கமும் இல்லை, மெத்தையும் இல்லை.

ஒத்தைசீட்டு | ஏப்ரல் 3, இரவு 9.20

ஸ்லீவ் இல்லை.

எட்டுக்குப்பத்து | ஏப்ரல் 3, இரவு 9.50

முன்காதுக்கு ஸ்லீவ் வைங்க, ஸ்டே ரெண்டும் ரப்பர் இல்லாம நேரா இரும்போட இரும்பு, எம்8 8.8 போல்ட், 25 நியூட்டன் மீட்டர். சீட் ஸ்பிரிங்குக்கு அடியில 6 மி.மீ. நைலான் வாஷர் ரெண்டு. பக்கத்துக்கு இடது ஸ்டே காதுல உள்பக்கம் இருக்கற 2.5 வாஷரை வலப்பக்கம் மாத்துங்க. மறுபடி மாவு. மேல 10-க்குக் குறையக்கூடாது, பக்கம் ரெண்டும் 10-க்கு மேல.

அது சரியான பிறகுதான் பெயின்ட். மட்காடு நுனியில பட்டி போட்டிருந்தா பவுடர் கோட்டிங் கேக்காதீங்க, 180, 200 டிகிரி அடுப்புல சாதா பட்டி வெடிச்சு வந்துடும். பட்டி இருந்தா சாதா பெயின்ட்தான். பவுடர்தான் வேணும்னா பட்டியை எடுத்துட்டு தகட்டையே தட்டி நேராக்கச் சொல்லுங்க, டிங்கர் முனகுவார். ரெண்டுல எதுன்னாலும் துளை எல்லாம் இப்பவே அரை மி.மீ. பெருசாக்கிடுங்க.

ஒத்தைசீட்டு | ஏப்ரல் 9, மாலை 6.40

ஸ்லீவ் போட்டாச்சு. மேல 15, வலது 10.5, இடது 10.5. பட்டியை எடுத்தாச்சு. டிங்கர் முனகினார்.